துறவி வகுத்த நாடக நூல்

மட்டக்களப்பு வாவியின் மேலுள்ள கல்லடிப் பாலத்தைக் கடந்து உப்போடைப் பக்கம் செல்வோர், சிவானந்த வித்தியாலய வளவில் ஒரு சமாதியைக் காண்பர். அங்குத் துயில்பவர் விபுலாநந்த அடிகள். யாழ் நூல் தந்த பேரறிஞரென்றே அவரைப் பெரிதும் போற்றுகின்றோம். நாடகத்துக்கு அவர் ஆற்றிய தொண்டினை நினைப்பவர் சிலரே. அச்சிலருள் ஒருவனாக நின்று சில சொல்ல விழைகின்றேன்.

1892ஆம் ஆண்டு காரைதீவில் சாமித்தம்பியாருக்கும் கண்ணம்மையாருக்கும் மகனாகத் தோன்றினார். பிள்ளைத் திருநாமம் மயில்வாகனன். மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியில் பயின்று, 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதரானார். 1920இல் இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டம் பெற்றார். மானிப்பாய் இந்துக் கல்லூரி அதிபராக விளங்கியவர், அப்பதவியைத் துறந்து 1922இல் சென்னை இராமகிருஷ்ண மடம் புகுந்தார். 1924இல் சந்நியாசம் ஏற்றார்.

அவ்வாண்டிலேயே மதுரைத் தமிழ்ச் சங்க விழாவில் அவர் எடுத்துரைத்த பொருள் நாடகம்! அப்பேச்சே விரிந்து, 1926இல் மதங்க சூளாமணி என்னும் நூலாயிற்று. உறுப்பியலுக்குச் சிலப்பதிகாரமும் அடியார்க்குநல்லார் உரையும் துணை நின்றன; ஒழிபியலுக்கு வடமொழித் தசரூபகம் உதவிற்று. பழந்தமிழ் நாடகங்கள் மறைந்துபோனமையால், எடுத்துக்காட்டியலுக்குச் சேக்சுபியரின் பன்னிரண்டு நாடகங்களைக் கொண்டார். அக்கவிஞருக்குச் செகசிற்பியார் என்று பெயருஞ் சூட்டினார்.

அவற்றுள் ஓர் இன்பியல் நாடகம் என் சிந்தையை விட்டகலாதது. மூன்றாண்டுக் காலம் மங்கையர் முகம் நோக்காது கற்பதென நவார நாட்டு மன்னனும் தோழர் மூவரும் விரதம் பூணுகின்றனர். பிரெஞ்சு நாட்டு இளவரசி தோழியரோடு வந்ததும் விரதம் குலைகின்றது, நகை விளைகின்றது. ஆயினும் கதை மணவிழாவில் முடியவில்லை. இளவரசியின் தந்தை இறந்த செய்தி வர, காதலர் ஓராண்டு பிரிந்து தனித்திருக்க நேர்கின்றது. துறவு பூண்டவர் இத்தகைய கதையை விலக்காது ஆராய்ந்தாரெனின், அவர் உள்ளத்தின் விரிவை என்னென்பது! காமத்தைக் கடந்தவர்க்கும் காதற்சுவை கலையின் பொருளாகவே நின்றது.

1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேராசிரியராக அமர்ந்த அடிகள், 1947 ஜூலை 19இல் மறைந்தார்.

ஒரு குறையையும் மறைத்தல் தகாது. வாவிக்கரை ஊர்களில் விடிய விடிய ஆடப்பெற்ற வடமோடி, தென்மோடிக் கூத்துகள் அந்நூலுக்கு ஊற்றாகவில்லை. அவற்றைப் பல்கலைக்கழக அரங்கேற்றும் பணி, அடிகளின் மாணாக்கராகிய சு. வித்தியானந்தனுக்கு வாய்த்தது. 1962இல் கர்ணன் போரும் 1964இல் இராவணேசனும் பேராதனையில் அரங்கேறின. ஆசிரியர் இலக்கணம் வகுத்தார். மாணாக்கர் களரிக்கு உயிரூட்டினார்.

ஆதலின் ஆசிரிய நண்பர்காள், மதங்க சூளாமணியை மாணவர் கையிற் கொடுங்கள். கூத்துக் களரிக்கும் அவர்களை அழைத்துச் செல்லுங்கள். இரண்டும் ஒருங்கே கற்றவனே தமிழ் நாடகத்தை முழுதுணர்வான்.