வாதாபி கொண்ட சிறுத்தொண்டர்

தெல்லிப்பழைக் கோயில்களிற் புராண படனம் கேட்டு வளர்ந்தவன் யான். ஆசிரியப் பணியினின்று ஓய்வுபெறும் காலம் அணுகும் இந்நாளில், அதிபர் பதவியை நாடுவதா, விடைபெறுவதா என எண்ணுந்தோறும் பரஞ்சோதியார் என் நினைவில் வருகின்றார்.

சோழநாட்டுத் திருச்செங்காட்டங்குடியில் மாமாத்திரர் குலத்தில் உதித்த அவர், மருத்துவ நூலும் வடநூலும் படைக்கலமும் பயின்று, மன்னனின் சேனாபதியானார். வாதாபியை அழித்து, மணியும் நிதியும் யானையும் குதிரையும் கொணர்ந்தார். 642ஆம் ஆண்டளவில் முதலாம் நரசிம்மவர்ம பல்லவன் சாளுக்கியரை வென்ற போரே அது என்பர் வரலாற்றறிஞர்.

வெற்றியை வியந்த வேந்தன், அவர் சிவனடியார் என்பதை அமைச்சர் வாயிலாக அறிந்ததும், அடியாரைப் போர்முனைக்கு ஏவினோமே என அஞ்சினான். தம் மரபுக்குரிய தொழிலைச் செய்ததிற் குற்றமில்லை என்று சேனாபதியே அவனைத் தேற்றினார். அச்சொல்லையே பற்றுக்கோடாகக் கொண்டு அவர் மேலும் உயர்ந்திருக்கலாம். ஆயினும், அரசன் பெருநிதி அளித்து விடைகொடுத்தபோது தயங்காது ஊர் திரும்பினார்.

அங்கே கணபதீச்சரத்து இறைவனை வழிபட்டு, மனைவியார் திருவெண்காட்டு நங்கையாரோடு நாடோறும் அடியாரை அமுதூட்டிய பின்னரே உண்டார். அடியார்முன் தம்மைச் சிறியராக்கி ஒழுகியமையாற் சிறுத்தொண்டர் எனும் பெயர் நிலைத்தது. போர்க்களத்திற் காணாத கொடுஞ்சோதனையும், மகன் சீராளனை முன்னிட்டு, அவ்வில்லத்திலேயே வந்தது. விடைபெற்றமையால் அவர் சுமை குறைந்ததில்லை.

சித்திரைப் பரணிதோறும் சைவ உலகம் போற்றுவது அந்தச் சிறிய பெயரையே. யானோ, மேற்பதவிக்கான விண்ணப்பத்தை இன்னும் கையொப்பமிடாது மேசைமீது வைத்திருக்கின்றேன்.