கடல் தாண்டி வந்த டீச்சரம்மா

மலருக்கு ஆளுக்கு ஒன்று எழுதித் தாங்கன்னு கூட்டமைப்புக் கூட்டத்தில் சொன்னாங்க. நான் பத்தாவது வரை படித்தவள். குழுவில் தீர்மான நோட்டு எழுதுவது என் வேலை. அதற்கு மேல் எழுதிப் பழக்கம் இல்லை. ஆனாலும் சகோதரி நிவேதிதா அம்மாவைப் பற்றிப் படித்ததிலிருந்து யாரிடமாவது சொல்லணும் போல இருந்தது.

அவங்க இயற்பெயர் மார்கரெட் நோபிள். 1867-ல் அயர்லாந்து நாட்டில் பிறந்தாங்க. பத்து வயதில் அப்பா இறந்துட்டார். அம்மா பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு தாய் வீட்டுக்குப் போயிட்டாங்க. மார்கரெட் 17 வயதிலேயே டீச்சர் வேலைக்குப் போய், பிறகு லண்டன் பக்கம் சொந்தமாகவே பள்ளிக்கூடம் நடத்தினாங்க. 1895-ல் விவேகானந்தரின் பேச்சைக் கேட்டாங்க. இந்தியாவில் பெண்களுக்குப் படிப்பு வேணும், அதற்கு ஆள் வேணும்னு அவர் சொன்னது மனதில் பதிந்துவிட்டது. 1898 ஜனவரியில் கப்பலில் கல்கத்தா வந்து இறங்கிட்டாங்க. நிவேதிதா என்ற பெயரை விவேகானந்தர் வைத்தார்.

நம்மை ஆண்ட வெள்ளைக்காரங்க மாதிரியே இருக்கிற பெண் வந்தால், ஆசாரம் பார்க்கிற தெருவில் யார் சேர்ப்பாங்க? ஆனால் சாரதா தேவி அம்மா அவங்களோடு ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டாங்க. அந்தக் காலத்தில் அது சின்ன விஷயம் இல்லை.

அதே வருடம் நவம்பரில் பாக்பஜார் தெருவில் பெண் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் திறந்தாங்க. சாரதா அம்மாதான் வந்து திறந்து வைத்தாங்க. எழுத்து, கணக்கோடு தையல், படம் வரைதல், மண் பொம்மை செய்வதும் சொல்லிக் கொடுத்தாங்க. நன்றாகப் படிக்கிற பிள்ளையைக் கல்யாணம் என்று சொல்லி நிறுத்திடுவாங்களாம். 1899-ல் கல்கத்தாவில் பிளேக் நோய் வந்தபோது இந்த டீச்சரம்மாவே விளக்குமாறு எடுத்துத் தெருவைக் கூட்டினாங்க.

பணம் இல்லாமல் பள்ளிக்கூடத்தை மூட வேண்டியும் வந்தது. வெளிநாடு போய் நிதி கேட்டு, 1902-ல் திரும்பி வந்து மறுபடி திறந்தாங்க. சகோதரி கிறிஸ்டின் என்பவர் துணைக்கு வந்த பிறகு வீட்டுப் பெண்களுக்கும், விதவைகளுக்கும் தனி வகுப்பு நடந்தது. புத்தகம் எழுதி வந்த காசையும் பள்ளிக்கே போட்டாங்க. நாட்டு விடுதலைக்கும் பாடுபட்டாங்க.

நம்ம பாரதியார் காங்கிரஸ் மாநாட்டுக்குப் போன இடத்தில் அவங்களைப் பார்த்திருக்கார். மனைவியை ஏன் கூட்டி வரவில்லை என்று கேட்டாங்களாம். எங்களிடம் அந்த வழக்கம் இல்லை என்றாராம். வீட்டுப் பெண்ணுக்கு விடுதலை கொடுக்காமல் நாட்டுக்கு எப்படி விடுதலை கேட்பீங்க என்று அவங்க சொன்னது பாரதியாரை மாற்றிவிட்டது. அவங்களைக் குருவாக ஏற்று, தன் பாட்டுப் புத்தகத்தை அவங்களுக்கே காணிக்கை ஆக்கினார்.

1911 அக்டோபர் 13-ல் டார்ஜிலிங்கில் இறந்தாங்க. வயது 43 தான். இருந்ததை எல்லாம் பெண்கள் படிப்புக்கே எழுதி வைத்துட்டாங்க. அந்தப் பள்ளி இன்றும் நடக்கிறது.

கல்யாணம் என்று பிள்ளையை நிறுத்துவாங்க என்று படித்ததும் எனக்குத் தூக்கம் வரலை. பத்தாவது முடித்ததும் பஸ் ஏறிப் போய்ப் படிக்க வேண்டாம் என்று என்னை நிறுத்தினாங்க. இப்போ என் மகள் பன்னிரண்டாவது முடிச்சிருக்கா. சொந்தத்தில் பெண் கேட்டு வந்தாங்க. வீட்டுக்காரருக்கும் பாதி மனசு. நான் முடியாது என்று சொல்லிட்டேன். முதல் தடவையாக அப்படிச் சொன்னேன். இரண்டு நாள் வீட்டில் பேச்சு இல்லை. மூணாவது நாள் அவரே விண்ணப்பம் வாங்கி வந்தார்.

கல்லூரிக் கட்டணத்துக்கு நம்ம குழுவில்தான் கடன் எடுத்திருக்கேன். தீர்மானத்தை நானே எழுதினேன். தவணை தவறாமல் கட்டிடுவேன், அக்காமார்கள் பயப்பட வேண்டாம்.