நெருப்புப் பொறிக்கு நேரம் குறித்தவர்

குழந்தைகளே! இன்று சாவியைத் திருகினாலோ, ஒரு பொத்தானை அழுத்தினாலோ கார் கிளம்பிவிடுகிறது. நூறு ஆண்டுகளுக்கு முன்பு அது அத்தனை சுலபமாக இல்லை. காரின் முன்பக்கம் ஓர் இரும்புக் கைப்பிடியைச் செருகி, மூச்சைப் பிடித்துக்கொண்டு சுற்ற வேண்டும். சில சமயம் அந்தக் கைப்பிடி எதிர்ப்பக்கமாகத் திரும்பி 'படீர்' என்று அடிக்கும். அந்த அடியில் கை முறிந்தவர்கள் பலர். இந்தத் தொல்லைக்கு முடிவு கட்டியவர்தான் சார்லஸ் ஃபிராங்க்ளின் கெட்டரிங்.

காதால் படித்த மாணவர்

அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்தில் லவுடன்வில் என்ற சிற்றூர் இருக்கிறது. அதன் அருகே ஒரு விவசாயக் குடும்பத்தில் 1876-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 29-ஆம் தேதி கெட்டரிங் பிறந்தார். ஐந்து குழந்தைகளில் நான்காவது பிள்ளை. சிறு வயதிலிருந்தே அவருக்குக் கண் பார்வை சரியில்லை. கொஞ்ச நேரம் புத்தகத்தைப் பார்த்தாலே தலை வலிக்கும்.

பள்ளிப் படிப்பு முடிந்ததும் ஒரே அறை கொண்ட கிராமப் பள்ளியில் ஆசிரியரானார். பிறகு 1898-இல் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். கண் தொல்லை அதிகமானதால் படிப்பைப் பாதியில் விட நேர்ந்தது. அவர் சோர்ந்து உட்கார்ந்துவிடவில்லை. தொலைபேசிக் கம்பம் நடும் குழுவில் சேர்ந்து, வெயிலில் குழி தோண்டினார். விரைவில் அந்தக் குழுவுக்கே மேற்பார்வையாளர் ஆனார். வெளியே வேலை செய்ததில் கண்ணுக்கும் ஓய்வு கிடைத்தது.

மீண்டும் கல்லூரிக்குத் திரும்பினார். உடன் தங்கியிருந்த நண்பர்கள் பாடங்களை உரக்கப் படிப்பார்கள். இவர் காதால் கேட்டு மனத்தில் பதித்துக்கொள்வார். இப்படியே 1904-இல் மின் பொறியியலில் பட்டம் பெற்றார். அப்போது வயது 27. உடன் படித்தவர்கள் பலர் அவரைவிட இளையவர்கள்.

வைக்கோல் கொட்டகையில் ஓர் ஆய்வுக்கூடம்

டேட்டன் நகரில் கடைகளுக்கான பணப்பதிவு இயந்திரம் செய்யும் நிறுவனம் ஒன்றில் வேலை கிடைத்தது. அதுவரை அந்த இயந்திரத்தைக் கையால்தான் இயக்கினார்கள். கெட்டரிங் அதற்குள் ஒரு சின்ன மின் மோட்டாரைப் பொருத்தினார். அந்த மோட்டார் நாள் முழுவதும் ஓட வேண்டியதில்லை; ஓரிரு விநாடி மட்டும் பலமாகச் சுற்றினால் போதும். இந்தப் பாடம் பின்னால் அவருக்குப் பெரிதும் கைகொடுத்தது.

அங்கே உடன் பணியாற்றிய எட்வர்ட் டீட்ஸ் என்பவரின் வீட்டுக்குப் பின்னால் ஒரு கொட்டகை இருந்தது. பகல் வேலை முடிந்ததும் கெட்டரிங்கும் நண்பர்களும் அங்கே கூடுவார்கள். இரவெல்லாம் கார் இன்ஜினோடு மல்லுக்கட்டுவார்கள். முதலில் அவர்கள் எடுத்துக்கொண்டது, இன்ஜினுக்குள் பெட்ரோலைப் பற்றவைக்கும் மின்பொறிப் பிரச்சினையை.

ஊஞ்சலும் இன்ஜினும்

இந்த இடத்தில் ஒரு சின்ன அறிவியல் பாடம். இன்ஜினுக்குள் பிஸ்டன் என்ற உருளை மேலும் கீழும் போய் வருகிறது. அது மேலே ஏறும்போது பெட்ரோல் ஆவியும் காற்றும் கலந்த கலவையை நெருக்குகிறது. அப்போது ஸ்பார்க் பிளக்கில் ஒரு பொறி தெறிக்கிறது. கலவை எரிந்து, பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது.

பொறி எப்போது தெறிக்க வேண்டும் என்பதுதான் கேள்வி. நீங்கள் தம்பி, தங்கையை ஊஞ்சலில் வைத்து ஆட்டியிருப்பீர்கள். ஊஞ்சல் உங்களை நோக்கி வரும்போதே தள்ளினால் உங்கள் கைக்குத்தான் அடி. வெகுதூரம் போன பிறகு தள்ளினால் பலன் இல்லை. இன்ஜினும் அப்படித்தான். ஆனால் ஒரு வித்தியாசம்: கலவை எரிந்து பரவக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். ஆகவே பிஸ்டன் உச்சியைத் தொடுவதற்குச் சற்று முன்பே பொறி தெறித்துவிட வேண்டும்.

எவ்வளவு முன்பு? அதை நேரத்தில் சொல்லாமல், இன்ஜின் தண்டு சுழலும் கோணத்தில் சொல்வார்கள். ஒரு சுற்று 360 டிகிரி அல்லவா? உச்சிக்கு 10 டிகிரி முன்பு என்று வைத்துக்கொள்வோம். இன்ஜின் நிமிடத்துக்கு 600 சுற்றுச் சுற்றினால், 10 டிகிரியைக் கடக்க ஒரு விநாடியில் 360-இல் ஒரு பங்கு ஆகும். 3000 சுற்றுச் சுற்றினால் 1800-இல் ஒரு பங்குதான். வேகம் கூடக் கூட எரிவதற்குக் கிடைக்கும் அவகாசம் குறைகிறது. அதனால் வேகமாக ஓடும்போது பொறி இன்னும் முன்னதாகத் தெறிக்க வேண்டும். கையால் மெதுவாகச் சுற்றிக் கிளப்பும்போது பிந்தித் தெறிக்க வேண்டும்.

அந்தக் காலத்துக் கார்களில் இதை மாற்ற ஓட்டுநருக்கு ஒரு நெம்புகோல் இருந்தது. அதைப் பின்னுக்குத் தள்ள மறந்துவிட்டுக் கைப்பிடியைச் சுற்றினால், பிஸ்டன் உச்சிக்குப் போகும் முன்பே கலவை எரிந்து அதைத் திருப்பித் தள்ளிவிடும். கைப்பிடி எதிர்ப்பக்கம் அடித்ததன் ரகசியம் இதுதான்!

ஒரே பொறி, உரிய நேரத்தில்

பழைய முறைகள் சிலவற்றில் பொறி ஒன்றன்பின் ஒன்றாகப் பல தடவை தெறிக்கும். மின்கலமும் சீக்கிரம் தீர்ந்துபோகும். கெட்டரிங் குழுவினர் உரிய நேரத்தில் பலமான ஒரே பொறி தெறிக்கும்படி செய்தார்கள். சுருளில் பாயும் மின்சாரத்தைச் சட்டென்று துண்டித்தால், பக்கத்துச் சுருளில் பல ஆயிரம் வோல்ட் மின்சாரம் எழும். அதுதான் பொறியாகத் தெறிக்கிறது.

1909-இல் கெட்டரிங்கும் டீட்ஸும் டெல்கோ என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். காடிலாக் கார் நிறுவனத்தின் தலைவர் ஹென்றி லீலண்ட் இந்தப் பொறி அமைப்பை வாங்கினார். பின்னாளில் நம் நாட்டு அம்பாசிடர் கார்களில் மெக்கானிக்குகள் டிஸ்ட்ரிபியூட்டரை லேசாகத் திருப்பி 'டைமிங்' வைத்தார்களே, அதுவும் இந்த வழியில் வந்ததுதான்.

லீலண்டின் நண்பர் பைரன் கார்ட்டர் 1908-இல் இறந்தார். கைப்பிடி திருப்பி அடித்ததில் பட்ட காயமே காரணம் என்று சொல்லப்படுகிறது. கைப்பிடியே இல்லாத காரை லீலண்ட் விரும்பினார். இன்ஜினைச் சுற்ற வேண்டுமானால் மோட்டாரே மிகப் பெரிதாக இருக்க வேண்டும் என்று வல்லுநர்கள் கைவிரித்தார்கள். கெட்டரிங்குக்குப் பணப்பதிவு இயந்திரம் நினைவுக்கு வந்தது. இங்கேயும் சில விநாடிகள் சுற்றினால் போதுமே! அவர் செய்த மின் ஸ்டார்ட்டர் 1912-ஆம் ஆண்டு காடிலாக் கார்களில் வந்தது. கை பலம் இல்லாதவர்களும் தாமாகவே காரைக் கிளப்ப முடிந்தது.

பழி வந்தது, தேடலும் வந்தது

அதே சமயம் கார் இன்ஜின்களில் 'டக் டக்' என்று இடிக்கும் சத்தம் கேட்டது. கெட்டரிங்கின் பொறி அமைப்பே காரணம் என்று பலர் பழி சொன்னார்கள். பொறியைப் பிந்தித் தெறிக்க வைத்தால் இடி குறையும். ஆனால் இன்ஜினின் பலமும் குறையும். கோளாறு பெட்ரோலில்தான் என்று கெட்டரிங் சந்தேகப்பட்டார். உதவியாளர் தாமஸ் மிட்ஜ்லியை ஆராயச் சொன்னார். அவர் சந்தேகம் சரிதான். பொறியிலிருந்து பரவும் தீ வந்து சேரும் முன்பே, மீதிக் கலவை தானாக வெடித்துக்கொள்வதுதான் அந்த இடி.

1921 டிசம்பரில், ஈயம் கலந்த ஒரு திரவம் இடியை அடக்குவதை மிட்ஜ்லி கண்டுபிடித்தார். 1923-இல் ஈய பெட்ரோல் விற்பனைக்கு வந்தது. ஆனால் ஈயம் நஞ்சு. அது அப்போதே தெரிந்த விஷயம். 1924-இல் நியூ ஜெர்சியில் அந்தத் திரவத்தைத் தயாரித்த தொழிலாளர்கள் ஐந்து பேர் இறந்தனர். மருத்துவர்கள் எச்சரித்தார்கள். எரிசாராயம் கலந்தாலும் இடி குறையும் என்பதும் கெட்டரிங்குக்குத் தெரியும். இருந்தும் அவர் ஈய பெட்ரோலின் பக்கமே நின்றார். அதன் புகை பல ஆண்டுகள் உலகெங்கும் பரவியது; குழந்தைகளின் மூளை வளர்ச்சியையே பாதித்தது. இந்தியாவில் அதன் விற்பனை 2000-இல் நிறுத்தப்பட்டது. கடைசியாக அல்ஜீரியாவில் 2021-இல் நின்றது.

விட்டுச் சென்றவை

கெட்டரிங் 1920 முதல் 1947 வரை ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் ஆராய்ச்சிப் பிரிவை நடத்தினார். அவர் பெயரில் 186 காப்புரிமைகள் உள்ளன. 1945-இல் நியூயார்க்கில் தொடங்கப்பட்ட புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் ஸ்லோன் பெயரையும் இவர் பெயரையும் தாங்கியது. 1958 நவம்பர் 25-ஆம் தேதி, 82-ஆம் வயதில் காலமானார்.

இன்றைய கார்களில் பொறியின் நேரத்தைக் கணினி கணக்கிடுகிறது. இன்ஜினை மாற்றியமைப்பவர்கள் முதலில் அடிப்படை டைமிங் சரியாக இருக்கிறதா என்று விளக்கடித்துப் பார்ப்பார்கள். அந்த முதல் குறி தவறினால், கணினியின் கணக்கும் அத்தனையும் தவறிவிடும்.

கண் வலித்தபோதும் படிப்பை விடாத உறுதியைக் கெட்டரிங்கிடம் கற்போம். ஒரு கருவி வேலை செய்தால் மட்டும் போதாது, அது யாருக்காவது தீங்கு செய்யுமா என்றும் கேட்க வேண்டும். இதையும் அவர் வாழ்க்கையிலிருந்தே கற்போம். நாளைய விஞ்ஞானிகளே, இரண்டையும் மறக்காதீர்கள்!