ஓட்டமும் ஊதியமும்: பாவோ நூர்மியின் வாழ்க்கை

திருவண்ணாமலையிலிருந்து செஞ்சி செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்தது கீழ்பென்னாத்தூர். அவ்வூரையும் அதன் சுற்றுப்புறச் சிற்றூர்களையும் சேர்ந்த இளைஞர்க்கு ஓட்டம் என்பது வெறும் பொழுதுபோக்கன்று, வாழ்வின் வாயில். காவலர் தேர்வுக்கு நிற்கும் ஆண்மகன் 1500 மீட்டரை 7 நிமிடங்களுக்குள் கடந்தாக வேண்டும். கழனி வேலைக்குச் செல்லும் பெற்றோரின் கடனும் தங்கையின் திருமணமும் அந்த 7 நிமிடங்களில் அடங்கியிருத்தல் கூடும். அதே 1500 மீட்டரை 1924ஆம் ஆண்டில் 3 நிமிடம் 53.6 வினாடியில் கடந்து உலகை வியக்கவைத்த ஒருவர், ஓட்டத்தால் பொருள் ஈட்டினார் என்னும் குற்றச்சாட்டின் பேரில் பின்னர்க் களத்திலிருந்து விலக்கப்பட்டார். அவரே பின்லாந்து நாட்டின் பாவோ நூர்மி.

நூர்மி 1897ஆம் ஆண்டு சூன் 13ஆம் நாள் துர்க்கு நகரில் பிறந்தார். தந்தை தச்சர். நூர்மி பன்னிரண்டு வயதுச் சிறுவனாக இருந்தபோது அவர் இறந்தார். மூத்த மகனாகிய நூர்மி பள்ளியை விட்டு, ரொட்டிக் கடை ஒன்றில் ஏவலாளாகச் சேர்ந்தார். பாரம் ஏற்றிய வண்டியை மேட்டுச் சாலையில் தள்ளிச் செல்வது அவருடைய பணிகளுள் ஒன்று. கால்களுக்கு வலிமை தந்த முதற் பயிற்சிக்களம் அந்த மேடேயாகும்.

1912இல் சுவீடன் நாட்டு ஸ்டாக்ஹோம் நகரில் ஒலிம்பிக் போட்டிகள் நடைபெற்றன. பின்லாந்து அப்போது உருசியப் பேரரசின் ஆட்சிக்குட்பட்டிருந்தது. அந்நாட்டின் ஹன்னஸ் கோலேமைனன் மூன்று தங்கப் பதக்கங்கள் வென்றார். ஆயினும் அவர் வெற்றிக்கு ஏறிய கொடி உருசியாவினது. இச்செய்தி பதினைந்து வயது நூர்மியின் உள்ளத்தில் கனலை மூட்டியது. 1917இல் பின்லாந்து விடுதலை பெற்றது. 1920இல் ஆண்ட்வெர்ப் நகரில் நூர்மி மூன்று தங்கமும் ஒரு வெள்ளியும் வென்றபோது ஏறியது அவருடைய தாய்நாட்டுக் கொடியே.

நூர்மியின் பயிற்சி முறை புதுமையானது. கையில் நிறுத்து கடிகாரத்தை ஏந்தி ஓடினார். உடன் ஓடுவோரை வெல்வதினும் காலத்தை வெல்வதையே குறிக்கோளாகக் கொண்டார். ஒவ்வொரு சுற்றையும் எத்தனை வினாடியில் முடிப்பது என முன்னரே வகுத்து, சீரான வேகத்தில் ஓடுவார். அதனால் எதிராளி முந்தினாலும் கலங்குவதில்லை, பின்தங்கினாலும் களிப்பதில்லை.

அவர் புகழின் உச்சி 1924ஆம் ஆண்டுப் பாரிஸ் ஒலிம்பிக் ஆகும். சூலை 10ஆம் நாள் 1500 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்றார். ஏறக்குறைய ஒரு மணி நேரமே ஓய்ந்து, 5000 மீட்டரை 14 நிமிடம் 31.2 வினாடியில் ஓடி மீண்டும் தங்கம் வென்றார். இரு நாள் கழித்துக் கொளுத்தும் வெயிலில் நடந்த நாடு குறுக்கோட்டத்தில் 38 பேர் புறப்பட்டனர். 15 பேரே முடித்தனர். அவர்களுள் முதல்வர் நூர்மி. நான்கு நாட்களில் ஐந்து தங்கங்கள்! 1928இல் ஆம்ஸ்டர்டாமில் பெற்ற ஒரு தங்கத்தையும் இரு வெள்ளிகளையும் சேர்த்தால், அவர்தம் ஒலிம்பிக் பதக்கங்கள் பன்னிரண்டு.

இத்தகையவருக்கு 1932இல் சோதனை வந்தது. லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் மாரத்தான் வென்று ஓட்ட வாழ்வை நிறைவு செய்ய விரும்பினார். செருமனியில் ஓடியபோது விதி அனுமதித்த பயணச் செலவினும் மிகுதியாகப் பணம் பெற்றார் என்று பன்னாட்டுத் தடகள அமைப்பு அவரைத் தடைசெய்தது. கடல் கடந்து போட்டி நகருக்கே சென்றிருந்த அவருக்கு, தொடக்க விழாவுக்குச் சில நாட்களே இருந்த நிலையில் கதவு அடைக்கப்பட்டது. பின்லாந்து அவரைக் கைவிடவில்லை. உள்நாட்டில் தொடர்ந்து ஓட இசைந்தது. 1933இல் 1500 மீட்டர் நாட்டு வாகையர் பட்டத்தை அவர் வென்றார்.

விதியை மீறினாரா என்னும் வினாவினும் பெரிய வினா ஒன்றுண்டு. அவ்விதி யாருக்காக இயற்றப்பட்டது? 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் கைவினைஞரையும் கூலித் தொழிலாளரையும் போட்டியிலிருந்து விலக்கிய வரையறையும் ஒரு காலத்தில் இருந்தது. ஊதியமின்றி ஓடுவது செல்வர்க்கு எளிது. வண்டி தள்ளிய சிறுவனுக்கு அஃது எளிதாகுமோ? அவர் ஓட்டத்தைக் காண அரங்கங்கள் நிறைந்தன. நுழைவுக் கட்டணம் குவிந்தது. ஓடியவன் மட்டும் வெறுங்கையுடன் திரும்புதல் அறமாகுமா? உழைத்தவனின் வியர்வை உலருமுன் கூலியளிக்கப் பணித்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் நெறியறிந்த நமக்கு இவ்வினாவின் கூர்மை எளிதில் புலனாகும். 1980களில் அவ்விதி தளர்ந்தது. விளையாட்டு வீரர் வெளிப்படையாகப் பொருளீட்டும் காலம் பிறந்தது. ஆயினும் நூர்மி இழந்த மாரத்தான் மீளவில்லை.

களத்தை விட்ட நூர்மி, கட்டடத் தொழிலிலும் வணிகத்திலும் ஈடுபட்டுச் செல்வரானார். இதய நோய் ஆராய்ச்சிக்கென அறக்கட்டளை ஒன்றை நிறுவினார். 1952ஆம் ஆண்டு சூலை 19ஆம் நாள் ஹெல்சிங்கி ஒலிம்பிக் தொடக்க விழாவில், சுடரேந்தி அரங்கினுள் ஓடிவந்த வழுக்கைத் தலையரைக் கண்டு மக்கள் வெள்ளம் ஆர்ப்பரித்தது. இருபது ஆண்டுகளுக்கு முன் ஒலிம்பிக் வாயிலில் தடுக்கப்பட்ட நூர்மியே அவர்! 1973ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் மறைந்த அவருக்குப் பின்லாந்து அரசு மரியாதையுடன் இறுதிச் சடங்கு செய்தது.

விடியலில் ஓடும் நம் ஊர் இளைஞனே! வேலைக்காக ஓடுகிறாய் என்று எவரேனும் இகழ்ந்தால் நாணாதே. வறுமையைக் கடக்க ஓடும் கால்களும் விளையாட்டின் மாண்பை உயர்த்துவனவே. நூர்மியைப் போல் உன் காலத்தை நீயே அளந்து, நேற்றைய உன்னை இன்று வென்று ஓடுக.