குமாரசுவாமி ராஜாவும் அடிமைப்புத்தியும்

இராஜபாளையத்தில் நமது சமூகத்திற் பிறந்து சென்னை மாகாணத்தின் தலைமை மந்திரியாக விளங்கிய ஸ்ரீ பூ. ச. குமாரசுவாமி ராஜா அவர்களின் பெயரை அறியாதார் நம்மவருள் இலர். அவர் சரிதத்தை முற்றக் கூறுதல் இங்கு எமது நோக்கமன்று. மேலோர்க்குப் பணிதல் எதுவரை நற்குணம், எவ்விடத்தில் அஃது அடிமைப்புத்தியாய் முடிகிறது என்னும் வினாவுக்கு அவர் வாழ்க்கை நல்லதோர் உரைகல்லாதலின் அதனை எடுத்துக்கொண்டோம்.

அவர் 1898-ம் வருஷம் ஜூலை 8-ம் தேதி ஜனித்தார். குழந்தைப் பருவத்திலேயே தாய் தந்தையரை இழந்து பாட்டியாரால் வளர்க்கப்பெற்றார். அக்காலத்தில் வெள்ளைக்காரத் துரை முகாமிடும் இடத்திற்கு எலுமிச்சம்பழத்துடன் சென்று கைகட்டி நிற்பதே பெரிய மனிதர்க்கு லட்சணமென்று எண்ணப்பட்டது. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் சந்நிதியில் அடியேன் என்போம்; அதிலே இழுக்கில்லை. அதே சொல்லைக் கச்சேரி வாசலிலும் சொல்லிப் பழகியதே நமக்கு நேர்ந்த கேடு. குமாரசுவாமி ராஜா காந்தியடிகளைப் பின்பற்றிச் சட்டமறுப்பில் இறங்கினார், சிறையும் புகுந்தார்.

1949-ம் வருஷம் ஏப்ரலில் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியாருக்குப் பின் மாகாணத்தின் தலைமை அவரிடம் வந்தது. காமராஜரின் ஆதரவால் வந்த பதவியாதலின் அவர் பிறர் சொற்படி ஆடும் பொம்மையே என்று கூறுவாரும் உண்டு. இக்குறையை நாம் மறைக்க விரும்பவில்லை. கட்சியின் கட்டுப்பாட்டுக்கு அவர் மிகவும் அடங்கி நடந்தவர் என்பது மெய்யே. ஆயினும் இச்சகம் பேசுவோன் தன் ஊதியம் கருதியே தலை வணங்குகிறான். வணங்கி எழுந்தவுடன் தனக்குக் கீழுள்ளவனை வணங்கச் சொல்லுகிறான். மேலதிகாரியிடம் குழைந்துவிட்டு வீட்டிலே மருமகளையும் வேலையாளையும் உறுக்கும் மனிதரை நாம் காணாததா? குமாரசுவாமி ராஜாவோ தாம் ஏற்ற கட்டுப்பாட்டிற்காகச் சிறைவாசத்தைக் கொடுத்தார். ஆதலின் அதனை அடிமைப்புத்தி என்ன எமக்கு மனம் வரவில்லை.

ஜமீன் ஒழிப்புச் சட்டம் 1948-ம் வருஷத்தது. அதன்படி ஜமீன்கள் சர்க்கார் வசமாகத் தொடங்கியது அவர் ஆட்சியிலேதான். மேல்துண்டை இடுப்பிற் கட்டிக்கொண்டு ஜமீன்தார் முன் நின்ற குடியானவனுக்கு இது எத்துணை பெரிய மாறுதல் என்பதை, சேற்றூர் ஜமீனை அடுத்து வாழ்ந்த நம் முன்னோர் நன்கறிவர்.

1952-ம் வருஷத் தேர்தலில், முதன்மந்திரியாய் இருந்துகொண்டே, தம் ஊரை அடுத்த ஸ்ரீவில்லிபுத்தூர்த் தொகுதியில் அவர் தோல்வியுற்றார். எதன்முன்னும் தலைகுனிய வேண்டாத பதவியில் இருந்தவர் வாக்காளர் தீர்ப்புக்குத் தலைவணங்கினார். 1954 முதல் 1956 வரை ஒரிஸ்ஸாவின் கவர்னராக இருந்து, 1957-ம் வருஷம் மார்ச்சு 16-ம் தேதி காலமானார். இராஜபாளையத்தில் தாம் வசித்த இல்லத்தை அவர் காந்தி கலை மன்றத்திற்கே தானமாகக் கொடுத்துவிட்டார். ஒரு காலத்தில் மந்திரியைக் காணவேண்டி ஜனங்கள் வெளியே காத்துநின்ற அவ்வில்லத்தினுள், பின்னர் எவரும் எவரிடமும் உத்தரவு கேளாது நுழையலாயிற்று.