பிடியரிசியில் வளர்ந்த பள்ளிகள்



ஓர் ஊர் முன்னேற முதலில் எது வேண்டும்? சாலை என்போம், தண்ணீர் என்போம், தொழிற்சாலை என்போம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கேரள மண்ணில் வாழ்ந்த ஒரு குரு, பள்ளிக்கூடமே முதலில் வேண்டும் என்று நம்பினார். அவரே புனித குரியாக்கோஸ் எலியாஸ் சாவறா.

1805 பிப்ரவரி 10 அன்று குட்டநாட்டின் கைனகரி என்னும் ஊரில் அவர் பிறந்தார். ஆசானிடம் எழுத்து கற்று, 1818-இல் பள்ளிப்புறம் குருமடத்தில் சேர்ந்தார. அங்கே பயின்ற காலத்தில் கொள்ளைநோய் ஒன்று அவருடைய பெற்றோரையும் ஒரே சகோதரரையும் பறித்துச் சென்றது. வீட்டைக் காக்க ஆளில்லை, திரும்பி வா என்று உறவினர்கள் அழைத்தார்கள். ஆனால் அவர் இறை அழைத்தலில் உறுதியாக நின்றார். 1829 நவம்பர் 29 அன்று குருவாக அருள்பொழிவு பெற்றார். 1831 மே 11 அன்று பாலய்க்கல் தோமா, போரூக்கரை தோமா என்னும் இரு மூத்த குருக்களோடு மான்னானம் குன்றில் ஒரு துறவற இல்லத்துக்கு வித்திட்டார். அதுவே பின்னாளில் சி.எம்.ஐ. சபையாக வளர்ந்தது.

அன்றைய திருவிதாங்கூரிலும் கொச்சியிலும் கல்வி எல்லாருக்கும் எட்டும் கனியாக இல்லை. சமஸ்கிருதம் உயர் சாதியினரின் சொத்தாகவே கருதப்பட்டது. சாவறா அடிகளார் 1846-இல் மான்னானத்தில் ஒரு சமஸ்கிருதப் பள்ளியைத் தொடங்கி, பிற சாதிப் பிள்ளைகளுக்கும் அதன் கதவைத் திறந்துவிட்டார். அருகிலுள்ள ஆர்ப்பூக்கரையில் தலித் பிள்ளைகளுக்கென ஒரு பள்ளி எழுந்தது. படிக்கக் கற்றவன் கையில் நூல் வேண்டுமே! அதே ஆண்டில் அச்சுக்கூடமும் அமைத்தார். அச்சுப்பொறி வாங்க வழியில்லாத நிலையில், வாழைத்தண்டில் மாதிரி செய்து, அதைப் பார்த்துத் தச்சரைக் கொண்டு மரத்தில் உருவாக்கினார்.

1861-இல் அவர் சிரியன் கத்தோலிக்கரின் முதன்மைக் குருவானார். அதிகாரம் கைக்கு வந்ததும் அவர் எதற்கு அதைப் பயன்படுத்தினார் என்பதே நாம் கவனிக்க வேண்டியது. ஒவ்வோர் ஆலயத்தோடும் ஒரு பள்ளிக்கூடம் அமைய வேண்டும் என்று 1864-இல் பங்குகளுக்குக் கண்டிப்பான ஆணை அனுப்பினார். மலையாளத்தில் ஆலயத்தைப் பள்ளி என்றே அழைப்பார்கள். பள்ளிக்கூடம் என்ற சொல் அவருக்கு முன்பே இருந்தது. ஆனால் பள்ளி இருக்கும் இடமெல்லாம் பள்ளிக்கூடமும் இருக்க வேண்டும் என்று அதற்குப் புதுப்பொருள் தந்தவர் அவரே.

பள்ளி கட்டினால் போதுமா? ஏழைப் பிள்ளை பசியோடு எப்படிப் படிக்கும்? கூலிக்குப் போகும் பிள்ளையைப் பெற்றோர் எப்படி அனுப்புவார்கள்? இதற்கு அடிகளார் கண்ட வழி பிடியரிசி. வீட்டில் உலை வைக்கும்போதெல்லாம் தாய்மார் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைத்தார்கள். அது ஆலயத்தில் சேர்ந்தது. ஏழைப் பிள்ளைகளுக்கு மதிய உணவானது. அரசும் செல்வந்தரும் தரட்டும் என்று காத்திராமல், சாதாரணக் குடும்பங்களின் சோற்றுப் பானையிலிருந்தே அவர் கல்வியை வளர்த்தார்.

பெண்களையும் அவர் மறக்கவில்லை. 1866-இல் அருட்தந்தை லெயோப்போல்து பெக்காரோவுடன் இணைந்து கூனம்மாவில் பெண்களுக்கான துறவற இல்லத்தை நிறுவினார். அச்சகோதரிகள் வழியாகப் பெண் பிள்ளைகளின் கல்வி வேரூன்றியது.

1871 சனவரி 3 அன்று அவர் கூனம்மாவில் இறைவனடி சேர்ந்தார். 2014 நவம்பர் 23 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். அவர் விதைத்தது அவருக்குப் பின்னும் முளைத்தது. 1885-இல் மான்னானத்தில் புனித எப்ரேம் பள்ளி, 1944-இல் தேவராவில் திரு இருதயக் கல்லூரி, 1969-இல் பெங்களூரில் கிறிஸ்து கல்லூரி என்று அவருடைய சபையின் கல்விப்பணி விரிந்தது. கேரளம் 1991-இல் முழு எழுத்தறிவு மாநிலமாக அறிவிக்கப்பட்டது. இதை ஒருவர் மட்டும் சாதிக்கவில்லை. திருவிதாங்கூர் அரசு, சீர்திருத்தச் சபை மறைப்பணியாளர்கள், நாராயண குரு, அய்யன்காளி எனப் பலரின் உழைப்பு அதில் உண்டு. அந்த வரிசையில் சாவறா அடிகளாருக்கும் உரிய இடம் உண்டு.

இன்று நம் கத்தோலிக்கப் பள்ளிகளும் கல்லூரிகளும் பெயர் பெற்றவை. சேர்க்கைக்கு வரிசை நிற்கிறது. நமக்கு மகிழ்ச்சியே. ஆனால் அந்த வரிசையில் நிற்கவே துணியாத பிள்ளை ஒன்று நம் பங்கில் இருக்கிறதா என்று பார்க்கிறோமா? கட்டணத்தைக் கேட்டுத் திரும்பிப் போன தாயை நமக்குத் தெரியுமா? கட்டடங்கள் உயர்ந்தும் கதவு குறுகிப் போனால், பள்ளி வளரும், ஊர் வளராது. கடைசிப் பிள்ளையும் உள்ளே வந்தபோதுதான் கேரள மண் மாறியது.

பள்ளி நடத்துவோருக்கு மட்டும் உரிய கடமை அல்ல இது. ஒவ்வோர் அன்பியமும் ஒரு பிள்ளையின் படிப்புச் செலவை ஏற்கலாம். படித்த இளைஞர் மாலையில் ஒரு மணி நேரம் பாடம் சொல்லித் தரலாம். நம்மிடம் இருப்பது ஒரு பிடி என்றாலும், உலை கொதிக்குமுன் அதை எடுத்து வைப்போம். புனித சாவறாவே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்.