மீளத் தெரிந்த வீரர்

வடபுலத்தே வானளாவி நிற்கும் இமயமலையின் கொடுமுடிகளுள் மிக உயர்ந்தது எவரெஸ்டு. அதன் உயரம் ஏறத்தாழ 8,848 மீட்டர். அம்முடியில் முதன்முதலாக அடிவைத்த இருவருள் ஒருவர் டென்சிங் நார்கே. அவர் பெற்ற வெற்றியை உலகம் நன்கறியும். அவ்வெற்றிக்கு முன்னர் அவர் எத்தனை முறை வெறுங்கையராய்த் திரும்பினார் என்பதைச் சிலரே அறிவர்.

டென்சிங் 1914ஆம் ஆண்டில் ஓர் எளிய குடும்பத்தில் பிறந்தார். கவரிமாக்களை மேய்த்து வளர்ந்த அவர் எழுதப் படிக்கக் கற்றிலர். எனினும், மலையேறும் வேட்கை அவர் உள்ளத்தில் இளமையிலேயே வேரூன்றியது. வளர்ந்ததும் டார்ஜிலிங் நகரம் சேர்ந்து, மலையேறுவோர்க்குச் சுமை தூக்கும் பணியை நாடினார். 1935ஆம் ஆண்டில் எரிக் சிப்டன் என்னும் ஆங்கிலேயர் தம் குழுவில் அவரைச் சேர்த்துக்கொண்டார். முந்திய ஆண்டில் துணையின்றி ஏறத் துணிந்து மாண்ட மாரிஸ் வில்சன் என்பவரின் உடலை அக்குழுவினர் பனியிடையே கண்டனர். மலையின் இயல்பை அறியாது முன்செல்வதன் பயன் யாது என்பதை அக்காட்சி உணர்த்திற்று.

1936ஆம் ஆண்டில் டென்சிங் மீண்டும் சென்றார். பருவமழைக்காற்று முன்னதாகவே வந்தமையால் குழு திரும்பியது. 1938ஆம் ஆண்டில் ஆழ்ந்த பனி வழியை மறித்தது. 1947ஆம் ஆண்டில் எர்ல் டென்மன் என்பவர் டென்சிங்கையும் ஆங் தாவா என்னும் மற்றொரு செர்ப்பாவையும் துணைக்கொண்டு புறப்பட்டார். தக்க உடையும் கருவியும் இல்லாத அம்மூவரையும் கடும்புயல் தாக்கியது. அவர்கள் பிடிவாதம் பிடிக்காது இறங்கினர், உயிர் தப்பினர்.

1952ஆம் ஆண்டின் வேனிற்காலத்தில் சுவிட்சர்லாந்து நாட்டுக் குழு வந்தது. அதில் டென்சிங் செர்ப்பாக்களின் தலைவராக மட்டுமன்றி, குழுவின் உறுப்பினராகவும் மதிக்கப்பெற்றார். ஆங்கே அவருக்கு வாய்த்த நண்பர் ரேமண்ட் லாம்பர்ட். பனிக்கடுப்பால் கால்விரல்களை இழந்தும் மலையை விடாத வழிகாட்டி அவர். ஒருவர் மொழியை மற்றவர் நன்கறியார்; ஆயினும் உள்ளங்கள் ஒன்றாயின. மே 27ஆம் நாள் இரவை அவ்விருவரும் ஏறத்தாழ 8,400 மீட்டர் உயரத்தில் ஒரு சிறு கூடாரத்தில் கழித்தனர். போர்த்துத் துயிலும் பையில்லை, அடுப்புமில்லை. மெழுகுத்திரியின் சுடரில் பனியை உருக்கி நாவை நனைத்தனர். உறங்கினால் உயிர்போகும் என்றஞ்சி, ஒருவரையொருவர் தட்டியும் தேய்த்தும் விடியுமளவும் விழித்திருந்தனர்.

மறுநாள் தவழ்ந்தும் தள்ளாடியும் ஏறினர். உயிர்வளிக் கருவிகள் நடக்கும்போது பயன்படவில்லை. ஏறத்தாழ 8,600 மீட்டர் உயரத்தை அடைந்தனர். அதுவரை எவரும் ஏறியிராத உயரம் அது. முடி இன்னும் சுமார் 250 மீட்டரே. முயன்றால் மேலே சென்றிருத்தல் கூடும்; ஆனால், உயிரோடு இறங்குதல் இயலாது. அதனை இருவரும் சொல்லின்றியே உணர்ந்தனர், திரும்பினர்.

அவ்வாண்டின் குளிர்காலத் தொடக்கத்தில் இரு நண்பர்களும் மறுமுறையும் முயன்றனர். சரிந்து விழுந்த பனிக்கட்டிகளால் மிங்மா டோர்ஜி என்னும் செர்ப்பா உயிரிழந்தார். நவம்பர்த் திங்களில் சுமார் 8,100 மீட்டர் உயரத்தில் சூறைக்காற்றும் எலும்பை ஊடுருவும் குளிரும் அவர்களைத் தடுத்தன. மீண்டும் ஏமாற்றம், மீண்டும் இறக்கம்.

எனினும், அம்முயற்சிகள் வீண்போகவில்லை. சுவிட்சர்லாந்துக் குழுவினர் கண்டறிந்த வழியே 1953ஆம் ஆண்டில் ஜான் ஹண்ட் தலைமையில் வந்த ஆங்கிலேயக் குழுவிற்குத் துணையாயிற்று. மே 29ஆம் நாள் முற்பகல் 11.30 மணிக்கு டென்சிங்கும் நியூசிலாந்தினரான எட்மண்ட் ஹில்லாரியும் முடியை அடைந்தனர். டென்சிங்குக்கு அஃது ஏழாம் முயற்சி. அப்போது அவர் கழுத்தில் சிவப்புத்துணி ஒன்று விளங்கியது. அது லாம்பர்ட் அன்புடன் அளித்தது. உடன்வர இயலாத நண்பரை அவர் அவ்வாறு உச்சிக்கு அழைத்துச் சென்றார்.

1954ஆம் ஆண்டில் டார்ஜிலிங்கில் இமாலய மலையேற்றப் பயிற்சி நிலையம் தோன்றியது. டென்சிங் அதன் களப்பயிற்சி இயக்குநராகி, இளைஞர் பலர்க்கு மலையேறும் கலையைக் கற்பித்தார். 1986ஆம் ஆண்டு மே 9ஆம் நாள் அந்நகரிலேயே உயிர்நீத்தார்.

வள்ளுவப் பெருந்தகை வலியறிதலையும் காலமறிதலையும் அடுத்தடுத்த அதிகாரங்களாக வைத்தார். ஏட்டைத் தொட்டறியாத டென்சிங் அவ்விரண்டையும் பனிமலையில் கற்றார். அன்று 250 மீட்டருக்கு ஆசைப்பட்டு மேலே சென்றிருப்பாராயின், மறு ஆண்டின் மே 29 அவருக்கு வாய்த்திராது. முன்னேறும் துணிவோடு, வேண்டும்போது மீளும் தெளிவும் உடையவரே அரிய செயல்களை முடிப்பர்.